ஆப்பிரிக்க சிக்லிட் தொட்டிக்கு எந்தக் கெளுத்தி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலாவி, டாங்கனிக்கா ஏரிகளின் சிக்லிட் மீன்களை வளர்ப்பவர்கள் சில மாதம் கழித்து, கீழே நீந்த ஒரு கெளுத்தி இருந்தால் நன்றாக இருக்குமே என்று யோசிக்கத் தொடங்குவார்கள். அப்போது வரும் கேள்விகள்தான் இவை. விக்டோரியா ஏரி மீன்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

தொட்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ள ஒரு கெளுத்தி விடலாமா?

சுத்தத்துக்காக என்றால் வேண்டாம். எந்தக் கெளுத்தியும் மற்ற மீன்களின் கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்வதில்லை. கீழே விழுந்த பெல்லட்டை, அதாவது மீன் உணவு உருண்டையைப், பொறுக்கும், சில வகைகள் கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டும், அவ்வளவுதான். தின்றதெல்லாம் மறுபடி கழிவாக வெளியே வரத்தானே வேண்டும்? அதனால் தொட்டியில் சுமை கூடுமே தவிர குறையாது.

ஆப்பிரிக்க சிக்லிட் தொட்டியில் இது கொஞ்சம் கவலைப்பட வேண்டிய விஷயம். இந்தத் தண்ணீர் காரத்தன்மை கொண்டது, காரத்தில் அம்மோனியா அதிக விஷமாகும். 25 டிகிரி செல்சியஸில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே விஷ வடிவில் இருக்கும். அதே தண்ணீர் பி.எச். 8.5-க்குப் போனால் அது 15 சதவீதத்தைத் தொட்டுவிடும். ஏற்கெனவே நெரிசலாக வைக்கும் தொட்டி இது. பில்டர் திணறிக்கொண்டிருக்கும்போது 'கிளீனர்' என்று இன்னொரு பெரிய வயிற்றைச் சேர்ப்பது வேண்டாத வேலை. கெளுத்தி பிடித்திருந்தால் வாங்குங்கள். அதற்கும் தனிச் சாப்பாடு, தனி இடம், தனிக் கவனிப்பு எல்லாம் உண்டு என்று தெரிந்து வாங்குங்கள்.

இந்த முரட்டு மீன்களோடு தாக்குப்பிடிக்கும் கெளுத்தி எது?

சினோடொன்டிஸ். ஆப்பிரிக்காவில் வாழும் கெளுத்தி வகை இது. இரண்டாவது இடத்துக்கு வேண்டுமானால் வேறு சில பெயர்களைச் சொல்லலாம், முதல் இடத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காரணம் அதன் உடலிலேயே இருக்கிறது. தலையும் பிடரியும் கெட்டியான எலும்புக் கவசம். முதுகுத் துடுப்பிலும் மார்புத் துடுப்புகளிலும் தடித்த முள். பயந்தால் மூன்று முட்களையும் விறைப்பாக நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும், அப்புறம் அதை விழுங்குவது எளிதல்ல. ஒரு மபுனா (மலாவி ஏரியின் பாறைகளில் வாழும் சிக்லிட்) வந்து இடித்தால் இது பதறி ஓடாது, லேசாக நகர்ந்துவிட்டுத் திரும்ப அதே இடத்துக்கு வரும். சிக்லிட் ஆண்கள் பெரும்பாலும் தங்களைப் போன்ற நிறமும் உருவமும் உள்ள மீனைத்தான் போட்டியாக நினைத்து விரட்டும். மீசையும் புள்ளியுமாகத் திரியும் கெளுத்தி அந்தக் கணக்கில் வராது. இரண்டும் மோதிக்கொள்வது பெரும்பாலும் ஒரே பொந்துக்காகத்தான்.

சினோடொன்டிஸில் பல வகை இருக்கிறதே, எதை வாங்குவது?

நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. கடைகளில் கண்ணில் படுபவை சில மட்டுமே.

நாலடித் தொட்டிக்கு என் முதல் தேர்வு பெட்ரிகோலா என்ற பெயரில் விற்கப்படும் குட்டைக் கெளுத்தி. அந்தப் பெயரில் வருவதில் பெரும்பகுதி உண்மையில் லூசிபின்னிஸ் என்ற இனம், 2006-இல்தான் அதற்குத் தனிப் பெயர் வைத்தார்கள். சுமார் 10 செ.மீ. வளரும், டாங்கனிக்கா ஏரியிலேயே பிறந்த மீன் என்பதால் கடின நீர் அதற்குச் சொந்த வீடு. பழுப்பு உடம்பு, கறுப்புப் புள்ளிகள், துடுப்பு ஓரங்களில் பளிச்சென்ற வெள்ளை. ஐந்தாறாக விட்டால் பகலிலும் கூட்டமாக வெளியே வரும்.

அடுத்தது மல்டிபங்க்டேட்டஸ், குயில் கெளுத்தி என்று பெயரெடுத்தது. இதுவும் டாங்கனிக்காக்காரர்தான். ஏரியில் 25 செ.மீ.க்கு மேலும் வளரும், தொட்டியில் பெரும்பாலும் 15 செ.மீ. பக்கத்தில் நின்றுவிடும். பெட்ரிகோலாவுக்கும் இதற்கும் குழப்பம் வரும். மல்டிபங்க்டேட்டஸுக்குக் கண் நன்றாகப் பெரிது, முதுகுத் துடுப்பின் முன்முள் கறுப்பாக இருக்கும். பெட்ரிகோலாவுக்கு அந்த முள் வெள்ளை. சினோடொன்டிஸ்களில் பகல் வெளிச்சத்துக்கு அவ்வளவாகக் கூச்சப்படாதது இதுதான் என்பேன்.

மலாவி ஏரியில் சினோடொன்டிஸ் இனம் ஒன்றே ஒன்றுதான் உண்டு, பெயர் ஞாசே. மலாவித் தொட்டியில் அதே ஏரியின் மீன்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் உள்ளவர்களுக்கு இதுதான் வழி. ஆனால் அரிதாகத்தான் கிடைக்கும்.

யூப்டெரஸ், அதாவது ஃபெதர்ஃபின், கடைகளில் எளிதாகக் கிடைக்கும். குட்டியாக இருக்கும்போது சாது. நன்றாக வளர்ந்தபின் முதுகுத் துடுப்பு பாய்மரம்போல விரிந்து பார்க்க அழகாக இருக்கும், குணமும் அதற்கேற்ப ராஜாத்தனமாகிவிடும். ஐந்தடிக்கு மேற்பட்ட தொட்டியில், பெரிய சிக்லிட்களோடு, ஒன்றே ஒன்று. இரண்டாவது ஃபெதர்ஃபின்னைச் சேர்த்தால் பொந்துக்குச் சண்டை நிச்சயம்.

தலைகீழாக நீந்தும் நைக்ரிவென்ட்ரிஸ் மட்டும் வேண்டாம். காங்கோ ஆற்றுப் படுகையின் மென்மையான நீரில் வாழும் சின்ன, அமைதியான மீன். மபுனா கூட்டத்தில் அதற்கு நிம்மதி இருக்காது.

இன்னொரு எச்சரிக்கை. பண்ணைகளில் இரண்டு இனங்களைக் கலந்து உருவாக்கிய கலப்பினச் சினோடொன்டிஸ்கள் நிறைய சந்தைக்கு வருகின்றன. புள்ளிகள் அழகாக இருக்கும், எவ்வளவு பெரிதாகும், என்ன குணம் வரும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. இனத்தின் பெயரைக் கேட்டு, விற்பவர் மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

குயில் கெளுத்தி என்று ஏன் பெயர்? அது என் சிக்லிட்களின் முட்டைகளைக் கெடுக்குமா?

குயில் காக்கை கூட்டில் முட்டை இடுவதைப் போல இது சிக்லிட்டின் வாயில் முட்டை சேர்க்கிறது. 1986-இல் தெட்சு சாட்டோ என்ற ஜப்பானிய ஆய்வாளர் டாங்கனிக்கா ஏரியில் இதைக் கண்டுபிடித்து எழுதினார். மீன்களில் இப்படி முழுநேரமாகப் பிறர் தயவில் குஞ்சு வளர்க்கும் வேறொரு இனம் இதுபோல் நிரூபிக்கப்பட்டதில்லை.

நடப்பது இப்படி. வாயில் அடைகாக்கும் சிக்லிட் பெண், ஆணோடு வட்டமடித்துக்கொண்டே சில முட்டைகளை இடும், உடனே திரும்பி வாயில் அள்ளும். அந்த நொடிக்காகத்தான் கெளுத்திகள் காத்திருக்கும். திடீரென்று நடுவே பாய்ந்து, கொஞ்சம் சிக்லிட் முட்டைகளை விழுங்கிவிட்டு, தங்கள் முட்டைகளை உதறிவிட்டுப் போகும். அவசரத்தில் தாய் மீன் கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் அள்ளிக்கொள்ளும். கெளுத்திக் குஞ்சு சிக்லிட் குஞ்சைவிட முன்னதாகவே பொரிந்துவிடும். தன் மஞ்சள்கரு தீர்ந்ததும் பக்கத்தில் இருக்கும் சிக்லிட் குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தின்னத் தொடங்கும். கடைசியில் தாய் வாயைத் திறந்து துப்பும்போது வெளியே வருவது மீசை வைத்த குட்டிகள்.

தொட்டியிலும் இது நடக்கும், அதுவும் மலாவி சிக்லிட்கள் கூடுதலாக ஏமாறும். டாங்கனிக்கா சிக்லிட்கள் இந்தக் கெளுத்தியோடு காலங்காலமாக வாழ்ந்து, அந்நிய முட்டையை ஓரளவு அடையாளம் கண்டு தவிர்க்கக் கற்றவை. மலாவி மீன்களுக்கு அந்த அனுபவமே இல்லை. 2018-இல் வெளியான ஆய்வொன்று இதைத் தொட்டிகளில் சோதித்து உறுதிசெய்தது. சிக்லிட் குஞ்சுகள்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் குயில் கெளுத்தியைத் தனித் தொட்டியில் வையுங்கள். இல்லை, வாய்க்குள் நடக்கும் இந்த ஆள்மாறாட்டத்தைப் பார்க்கத்தான் ஆசை என்றால், இதைவிடச் சுவாரசியமான மீன் கிடையாது.

வேறு சினோடொன்டிஸ்கள் குஞ்சுகளைத் தின்னுமா?

தின்னும். வாய்க்குள் அடங்கும் எதையும் விடாது. வெளிச்சம் அணைந்தபின் சிக்லிட்கள் கண் தெரியாமல் பாறை இடுக்கில் ஒடுங்கிக் கிடக்கும், கெளுத்திக்கோ மீசைதான் கண். அந்த நேரம் கல்லில் ஒட்டிய முட்டையும் புதிதாக நீந்தத் தொடங்கிய குஞ்சும் அதற்கு விருந்து. மலாவிக் கூட்டுத் தொட்டியில் குஞ்சுகள் பெருகி இடமில்லாமல் தவிப்பவர்கள் இதை வரம் என்று நினைப்பார்கள். காலி நத்தை ஓட்டுக்குள் வாழும் மல்டிஃபேசியேட்டஸ் போன்ற குட்டிச் சிக்லிட் காலனி வைத்திருப்பவர்கள் சினோடொன்டிஸ் பக்கமே போகக் கூடாது.

பிரிஸில்நோஸ் பிளெக்கோ விடலாமா? சாதாரண சக்கர் மீன்?

பிரிஸில்நோஸ் தென் அமெரிக்க மீன்தான், ஆனால் 12 முதல் 15 செ.மீ. அளவோடு நின்று, கடின நீருக்கும் ஓரளவு பழகிக்கொள்ளும். பாசியைச் சுரண்டவும் செய்யும், மபுனாவும் அதே பாசியை மேய்வதால் அதற்கு மிச்சம் ரொம்ப இருக்காது. பொந்தில் ஒட்டிக்கொண்டு தட்டையாகக் கிடக்கும், கவசம் இருப்பதால் சிறு கடிகள் தாங்கும். மென்மையான நீரிலிருந்து வருகிறது என்றால் ஒரே நாளில் தூக்கிப் போடாமல், தனித் தொட்டியில் ஒன்றிரண்டு வாரம் பி.எச்.ஐயும் கடினத்தன்மையையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழக்குங்கள். ஆரட்டஸ் போன்ற மிகச் சண்டைக்கார மபுனாக்களோடு வேண்டாம், கண்ணையும் வால் துடுப்பையும் குறிவைத்துக் கடிக்கும். எலக்ட்ரிக் எல்லோ, பீகாக் போன்ற சாதுவான சிக்லிட்களோடு ஒத்துப்போகும்.

சாதாரண சக்கர் மீனை மறந்துவிடுங்கள். விரல் நீளத்தில் வாங்குவது ஓர் அடியைத் தாண்டி வளரும், அது போடும் கழிவைச் சமாளிக்கவே தனி பில்டர் வேண்டும். ராத்திரியில் அகன்ற உடம்புள்ள மீன்கள் மேல் ஒட்டி வழவழப்பை உறிஞ்சும் பழக்கமும் சிலவற்றுக்கு வந்துவிடும். காலையில் ஃப்ரண்டோசா என்ற பெரிய சிக்லிட்டின் விலாவில் வட்டமாகத் தோல் உரிந்திருப்பதைப் பார்த்தால், முதலில் சக்கர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கோரிடோராஸ்?

வேண்டாம். 5, 6 செ.மீ. மீன், கூட்டமாக இருந்து மண்ணைக் கிளறும் சாதுப்பிராணி. பெரிய சிக்லிட் ஒன்று அதை விழுங்கப் பார்த்தால் முள் தொண்டையில் பூட்டிக்கொள்ளும், இரண்டும் சாகும். ஓட்டோசிங்க்லஸ் என்ற குட்டிக் கெளுத்திக்கும் இதே பதில்தான்.

ரெட்டெயில், இரிடசென்ட் ஷார்க் போலப் பெரிய கெளுத்திகள்?

ரெட்டெயில் கெளுத்தி ஒரு மீட்டருக்கு மேல் வளரும், வழியில் உங்கள் சிக்லிட்கள் எல்லாம் அதன் வயிற்றுக்குள் போகும். 'ஷார்க்' என்ற பெயரில் விற்கப்படும் பங்காசியஸ் கெளுத்தியும் மீட்டர் கணக்கில் வளரும், பயந்து கண்ணாடியில் மோதிக்கொள்ளும் மீன். வீட்டுத் தொட்டியில் இரண்டுக்கும் இடமே கிடையாது.

பெரிய கெளுத்தி என்றதும் நினைவுக்கு வருகிறது. மலாவி ஏரியில் கம்பாங்கோ என்ற ஒரு மீட்டரை ஒட்டி வளரும் வேட்டைக்காரக் கெளுத்தி இருக்கிறது. தாய் மீன் தன் குஞ்சுகளுக்கு உணவாகவே பொரியாத முட்டைகளை இட்டுக் கொடுக்கும். வேடிக்கை என்னவென்றால், சில சிக்லிட்கள் தங்கள் குஞ்சுகளை அந்தக் கெளுத்தி காவல் காக்கும் குஞ்சுக் கூட்டத்துக்குள் விட்டுவிடுகின்றன, கெளுத்தியும் சேர்த்தே காக்கும். தொட்டிக்கு ஆகாது, படித்து ரசிக்கலாம்.

தண்ணீர் எப்படி இருக்க வேண்டும்?

சிக்லிட்டுக்கு எது பொருந்துமோ அதுவே. மலாவி ஏரியில் பி.எச். 8-ஐ ஒட்டி, டாங்கனிக்காவில் 9-ஐ ஒட்டி இருக்கும். தொட்டியில் 7.8 முதல் 8.6 வரை நிலையாக வைத்தால் போதும், 24 முதல் 27 டிகிரி வரை. குறிப்பிட்ட எண்ணைத் துரத்திக்கொண்டு தினம் மருந்து ஊற்றுவதைவிட, ஏறி இறங்காமல் இருப்பதே முக்கியம். பில்டரில் பவளத் துகள் அல்லது அடியில் அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணல் இருந்தால் அது பாட்டுக்கு பி.எச்.ஐத் தாங்கிப் பிடிக்கும்.

அடியில் கூர்மையான கல் போடாதீர்கள். கெளுத்தி நாள் முழுக்க மீசையால் தரையைத் தடவிக்கொண்டே போகும். மீசை தேய்ந்து கட்டையாகிவிட்டால் உணவு தேடுவதே சிரமம், புண்ணாகித் தொற்றும் வரலாம். மெல்லிய மணல்தான் நல்லது.

எத்தனை விடுவது, எப்போது விடுவது?

லூசிபின்னிஸ் என்றால் குறைந்தது ஐந்து, மல்டிபங்க்டேட்டஸ் என்றால் மூன்று முதல் ஐந்து. தனியாக ஒன்றை விட்டால் ஒன்று ஒளிந்தே கிடக்கும், இல்லாவிட்டால் மற்றவற்றைத் தொந்தரவு செய்யும். தொட்டி 200 லிட்டருக்குக் குறையக் கூடாது, நாலடி நீளம் இருந்தால் நல்லது.

முடிந்தால் சிக்லிட்களுக்கு முன்பே கெளுத்திகளை விட்டுவிடுங்கள். பொந்துகளைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்த பிறகு சிக்லிட்கள் வந்தால் சச்சரவு குறையும். ஏற்கெனவே சிக்லிட் இருக்கிறதா? பாறைகளை மாற்றி அடுக்கி, விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் கெளுத்தியை விடுங்கள். எல்லை எது என்று எல்லாருக்கும் குழப்பமாக இருக்கும் அந்த இரவுக்குள் அது ஓர் இடம் பிடித்துவிடும். கெளுத்தி மட்டும் நுழையக்கூடிய, சிக்லிட்டின் உடம்பு நுழையாத நீளமான குறுகிய குழாய் ஒன்றிரண்டைப் பாறைக்குப் பின்னால் வைப்பது நல்ல உபாயம்.

பகலில் கெளுத்தி கண்ணிலேயே படவில்லை, நோயா?

பெரும்பாலும் இல்லை. பல சினோடொன்டிஸ்கள் இரவு மீன்கள். விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து, சின்னச் சிவப்பு வெளிச்சத்தில் பாருங்கள், மெதுவாக வெளியே வந்து வலம்வரும். பகலில் நீந்துவதே வழக்கமான மீன் திடீரென ஒளிந்தால், அல்லது மேலே வந்து காற்றை விழுங்கினால், அப்போது தண்ணீரைச் சோதிக்க வேண்டும்.

என்ன சாப்பாடு, எப்போது?

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். மபுனாவும், டாங்கனிக்கா ஏரியின் டிரோஃபியஸ் சிக்லிட்டும் பாசி தின்னும் மீன்கள். புரதம் அதிகமான உணவு அவற்றுக்கு வயிறு வீங்கும் நோயைக் கொண்டுவரலாம். கெளுத்தியோ எல்லாம் தின்னும், புழுவும் இறாலும் அதற்கு உயிர். இரண்டையும் ஒரே வேளையில் போட்டால் தப்பான வயிற்றுக்குத் தப்பான உணவு போகும்.

சிக்லிட்களுக்குப் பகலில் ஸ்பைருலினா என்ற பாசி கலந்த பெல்லட் அளவாகக் கொடுங்கள். கெளுத்திக்கு, விளக்கு அணைத்து சிக்லிட்கள் அடங்கியபின் மூழ்கும் பெல்லட் ஒன்றிரண்டு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும், மற்ற நாட்களில் மிஞ்சியதைப் பொறுக்கிக்கொள்ளும். கெளுத்திக்குப் போதும் என்ற புத்தி கிடையாது. வயிறு உருண்டையாக வீங்கும்வரை தின்னும், ஓரிரு நாளில் வடிந்துவிட்டால் கவலை இல்லை.

வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் மருந்து போடலாமா?

கவனமாக. கெளுத்திகளுக்குச் செதில் கிடையாது, அதனால் தாமிரம், மலக்கைட் கிரீன், ஃபார்மலின் கலந்த மருந்துகள் இவற்றைச் சீக்கிரம் பாதிக்கும். லேபிளில் செதிலற்ற மீனுக்கு என்று தனி அளவு இருக்கிறதா என்று பார்த்து அதன்படியே போடுங்கள், இல்லாவிட்டால் கெளுத்தியைத் தனியே மாற்றிவிட்டுச் சிகிச்சை செய்யுங்கள். வெப்பத்தை ஒன்றிரண்டு நாளில் மெதுவாக 30 டிகிரி வரை ஏற்றுவது பல நேரம் உதவும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், காற்றுக் குமிழியைக் கூட்டுங்கள்.

கெளுத்தியை வலையில் பிடித்தேன், சிக்கிக்கொண்டது. என்ன செய்வது?

இழுக்காதீர்கள். மார்பு முள்ளில் ரம்பம்போலப் பற்கள் உண்டு, வலை நூலில் மாட்டிக்கொண்டால் இழுக்க இழுக்க இறுகும். மீனை வலையோடு தண்ணீருக்குள் விட்டு, நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். வலை போனால் போகட்டும். கையால் பிடித்தால் குத்து வாங்குவீர்கள், வலி கடுக்கும், கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள். அந்த நேரம் கீச் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், மார்பு முள்ளின் அடி எலும்பை உரசி அது எழுப்பும் சத்தம் அது.

அடுத்த முறை வலையே வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அதன் முன்னால் சாய்த்து வைத்து, மெதுவாகக் கையால் அந்தப் பக்கம் ஓட்டுங்கள். அதைவிட எளிது, அது தூங்கும் குழாயையே இரண்டு பக்கமும் உள்ளங்கையால் பொத்தி, தண்ணீரோடு தூக்கிவிடுவது.